இரண்டு உடம்பு, ஒரு முகம்

ஆக்லாந்து விமான நிலையத்தில் என் அக்கா வீட்டுக்காரரின் முதுகைத் திறந்து காட்டச் சொன்னார்கள். மனிதர் செத்து முப்பத்திரண்டு வருஷமாகிறது. அவருடைய போட்டோவின் முதுகைத்தான் சொல்கிறேன். மரச்சட்டம் போட்ட போட்டோ. இந்த நாட்டுக்குள் மரம், விதை, பூ, கருவாடு எது வந்தாலும் பிடித்து வைத்து விசாரிக்கிறார்கள். மனுஷனை அவ்வளவாகக் கேட்பதில்லை.

கையுறை போட்ட ஒரு பெண் டார்ச் அடித்துச் சட்டத்தின் நான்கு மூலையையும் தட்டிப் பார்த்தாள். செல்லரித்த ஓட்டை இருக்கிறதா என்று தேடுகிறாளாம். "யார் இவர்?" என்று கேட்டாள். "என் அக்கா கணவர். மிலிட்டரி ஆபீசர்" என்றேன். அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. ஆனாலும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகியதால் தடங்கல் இல்லாமல் வந்தது.

"பின்பக்க அட்டையைக் கழற்றலாமா?" என்றாள். "நோ மேடம், காட் போட்டோ, டெய்லி பூஜா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கண்ணாடியில் காய்ந்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள், காய்ந்த மாலையை மட்டும் உருவிப் பையில் போட்டுக்கொண்டு விட்டுவிட்டாள். என் பெட்டியில் இருந்த கருவாட்டையும் எடுத்துக்கொண்டாள். போகட்டும், போட்டோ பிழைத்ததே பெரிய விஷயம்.

நான் வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மகள் கலைச்செல்வி இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாட்டனி டவுன்ஸ் என்கிற புறநகரில் மார்ட்கேஜில் ஒரு வீடு வாங்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச வேண்டும், அன்றைக்கு ஹாலில் அப்பாவின் ஆயில் பெயிண்டிங் தொங்க வேண்டும் என்பது அவள் ஆசை. பாலம் தாண்டி கிளென்ஃபீல்டில் லியாங் என்று ஒரு சீனக்காரர், குடியேறி வந்தவர், ஆள் படம் வரைவதில் கெட்டிக்காரராம். ஊருக்கு வந்தபோது செல்போனில் எடுத்திருந்த போட்டோவை அவருக்கு அனுப்பினாள். அவர் உடுப்பு, பெல்ட், பதக்கம் எல்லாம் வரைந்து முடித்துவிட்டு, முகத்தில் தூரிகையே வைக்காமல் நிறுத்திவிட்டார். "நிஜப் போட்டோ வேண்டும், இந்த மனிதரை உயிரோடு பார்த்த ஒருவரும் வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

அக்காவுக்கு முட்டிவலி. "நீ போடா சேகரு. அவரு மூஞ்சி உனக்குத் தெரியாததா?" என்றாள். குடியாத்தம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து வாலண்டரி ரிட்டயர்மென்ட் வாங்கியவன் நான். பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. அந்த அக்காவிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஏன் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர் ஏகாம்பரம் ஆபீசர் இல்லை. ஹவில்தார். ராணுவ லாரிகளுக்கு மெக்கானிக். வடக்கே ஏதோ ஒரு முகாமில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். கலைக்கு அப்போது இரண்டு வயசு. கருமாதிக்குப் போட்டோ வேண்டும் என்று அக்கா தன் கல்யாணப் போட்டோவை என்னிடம் கொடுத்தாள். அவர்கள் கல்யாணத்துக்கு எடுத்ததே ஒரு போட்டோதான். "பத்தரம்டா, இது ஒண்ணுதான் கீது" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

ஸ்டூடியோக்காரரிடம் மூன்று உடம்பு இருந்தது. கோட்டு சூட்டு ஒன்று, போலீஸ் ஒன்று, மிலிட்டரி ஒன்று. நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் அப்போது அதுதான் வழக்கம். தலையை வெட்டி உடம்பில் ஒட்டி, மறுபடி போட்டோ எடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்பார்கள். "மிலிட்டரின்னா இதான் தம்பி" என்று தோளில் நட்சத்திரமும் மார்பில் பதக்கமுமாக ஓர் ஆபீசர் உடம்பைக் காட்டினார். எனக்கு இருபத்திரண்டு வயசு, சரி என்றேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் மனிதர் கத்தரிக்கோலை எடுத்து ஒரிஜினலையே வெட்டிவிட்டார். நெற்றிக்குக் கீழேயிருந்து கழுத்து வரைக்கும். மேலே தொப்பி வந்துவிடும், முடி எதற்கு என்றார்.

அக்காவிடம் கல்யாணப் போட்டோ ஸ்டூடியோவில் தொலைந்துபோய்விட்டது என்று சொன்னேன். வெட்டின போட்டோவைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. புதுப் போட்டோவுக்குப் பின்னால் அட்டையோடு அட்டையாக அதை வைத்து ஆணி அடித்துவிட்டேன். அன்றைக்கு மாட்டியது. அக்கா தினமும் விளக்கேற்றினாள். கலை பள்ளிக்கூடத்தில் 'என் அப்பா ஒரு மேஜர்' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாள். யாரும் திருத்தவில்லை. நானும்தான்.

செவ்வாய்க்கிழமை கலை என்னை கிளென்ஃபீல்டுக்குக் காரில் கூட்டிப்போனாள். தெருவோரத்தில் ஒரு அட்டைப் பெட்டி நிறையப் பச்சைப் பழங்களை வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிப்போட்டிருந்தார்கள். "ஃபீஜோவா மாமா, இந்த சீசன்ல வீட்டுக்கு வீடு கொட்டும். ஸ்பூன்ல தோண்டிச் சாப்பிடணும்" என்றாள். கொய்யாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல ஒரு ருசி. காவலுக்கு ஆளில்லாத பழப்பெட்டியை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மூன்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்தாள்.

லியாங்கின் கார் ஷெட்தான் அவருடைய பட்டறை. எழுபதை நெருங்கும் ஒல்லி மனிதர், பழைய ஜாம் பாட்டிலில் தேயிலை மிதக்க மிதக்கத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நடுவில் படம் நின்றது. ஆளுயரத்தில் பாதி. பித்தளைப் பொத்தானில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது, பெல்ட்டின் தோல் நாற்றமடிக்கும் போல இருக்கிறது. தொப்பிக்கும் காலருக்கும் நடுவில் மட்டும் வெறும் துணி. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கலையோ அந்த வெற்றிடத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து அவள் வெளியே போனதும் லியாங் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் இங்கிலீஷும் என் டிப்போ இங்கிலீஷும் ஒன்றுக்கொன்று குறைந்ததில்லை, அதனால் நன்றாகவே புரிந்தது.

"முகத்துக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வருகிறது. சட்டைக்கு வலது பக்கமிருந்து வருகிறது. தொப்பி தலையில் உட்காரவில்லை, மிதக்கிறது. மீசையைப் பேனாவால் கொழுக்க வைத்திருக்கிறார்கள். இது இரண்டு மனிதர்கள். அவளுக்குத் தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று ஆட்டினேனா, ஆமாம் என்று ஆட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

"சட்டையில் நான் ஏமாற்றிவிடலாம். முகத்தில் முடியாது. தொப்பிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியணும். போட்டோவின் கண்ணாடியையும் கழற்றணும்."

அதற்குள் கலை வந்துவிட்டாள். "கண்ணாடியைக் கழற்றக் கூடாதும்மா, பூஜை போட்டோ, உங்கம்மா ஒத்துக்க மாட்டா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி போட்டோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

மறுநாள் கலைக்கு டியூட்டி. நான் தனியாக லியாங்கைப் போய்ப் பார்த்து, எப்படியாவது தொப்பியோடே முடித்துவிடுங்கள் என்று காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். பஸ்தானே, முப்பது வருஷம் பஸ்ஸை அனுப்பியவனுக்கு ஏறத் தெரியாதா என்ற திமிர். போட்டோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். பயணிகள் இறங்கும்போது ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள். எங்கள் பக்கம் யாராவது அப்படிச் சொன்னால், டிக்கெட் எடுக்காமல் வந்தவனோ என்று கண்டக்டர் பிடித்து நிறுத்திவிடுவார். இதை ரசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் பஸ் வேறு பக்கம் போனதைக் கவனிக்கவில்லை. கடைசியில் மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு பெரிய ஷாப்பிங் சென்டர் வாசலில் நின்றேன். டைம் கீப்பர் தப்பு பஸ் ஏறினான் என்று டிப்போவில் கேள்விப்பட்டால் மானம் போய்விடும்.

உள்ளே 'மீட் பை' என்று மாவுக்குள் கறி அடைத்த ஒரு பண்டம் வாங்கி, உப்பில்லை, காரமில்லை என்று முனகிக்கொண்டே சாப்பிட்டேன். என் முழியைப் பார்த்து செக்யூரிட்டிக்காரர் ஒருவர் வந்தார். நம்ம ஊர் முகம். சட்டையில் பெயர் 'கோவின்சாமி' என்று இருந்தது. "தமிழா?" என்று கேட்டேன். சிரித்து, தன் தாத்தாவுக்குத் தாத்தா கரும்பு வெட்ட பிஜிக்குப் போன தமிழர் என்றும், தனக்கு வீட்டில் ஹிந்திதான் என்றும் இங்கிலீஷில் சொன்னார்.

"பெயரில் ஓர் எழுத்து குறைகிறதே, கோவிந்தசாமி அல்லவா?" என்றேன். ரிட்டயர் ஆனாலும் ரிஜிஸ்டர் பார்க்கும் புத்தி போகவில்லை.

"கப்பலில் பெயர் எழுதினவர் விட்டுவிட்டார்" என்றார் அவர். "அன்றிலிருந்து நாங்கள் எல்லோரும் கோவின்சாமிதான். தப்புதான், ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் வீட்டில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்."

எனக்கு ஒரே சந்தோஷம். தப்பாகவே ஐந்தாறு தலைமுறை நன்றாக இருந்திருக்கிறதே, அப்புறம் நான் ஏன் கிடந்து அல்லாடுகிறேன், பேசாமல் வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று பையைத் தூக்கினேன். அவர் போகிற போக்கில் சொன்னார்: "ஆனால் விட்டுப்போன எழுத்து எது என்று என் பெண்ணுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு என் அப்பா சொன்னார்."

தூக்கிய பையைக் கீழே வைத்து, கிளென்ஃபீல்டுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். ரயில் ஏற்றிவிட்டு, டவுனில் இறங்கிப் பாலம் தாண்டும் பஸ் பிடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். பாலத்தின் மேலே பஸ் ஏறும்போது கீழே ஆயிரம் பாய்மரக் கம்பங்கள். நான் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. மடியில் இருந்த பைக்குள் கைவிட்டு அட்டையின் ஆணிகளைத் தடவிக்கொண்டே போனேன்.

"குறடு இருக்கிறதா?" என்றுதான் லியாங்கிடம் முதலில் கேட்டேன். சைகையில் காட்டினேன். எடுத்துக் கொடுத்தார். நான்கு ஆணியும் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தன. அட்டையைத் தூக்கினதும் அது வந்தது. என் அக்கா, பத்தொன்பது வயசு, கல்யாணப் புடவையில், மாலையோடு, பயந்த முகம். பக்கத்தில் பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஓர் உடம்பு. மேலே சுருட்டை முடி, சந்தனம் பூசின நெற்றி. நடுவில் ஓட்டை. ஓட்டை வழியாக லியாங்கின் மேஜை தெரிந்தது.

நான் அழுதுவிட்டேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னேன். பாதி தமிழில் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவர் எழுந்துபோய் நூடுல்ஸ் சூப் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு உப்பும் காரமும் சரியாக இருந்த முதல் சாப்பாடு அதுதான்.

"சின்ன வயதில் ராணுவத்துக்குப் படம் வரைவதுதான் என் வேலை" என்றார். "ஓர் ஆபீசரை வரைந்தேன். ஆறு மாதத்தில் அவரைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். தலையைச் சுரண்டிவிட்டு வேறு ஆளை வை என்றார்கள். வைத்தேன். அவரையும் தூக்கினார்கள். ஒரே சட்டையில் மூன்று தலை வரைந்திருக்கிறேன். சட்டைக்கு ஒரு குறையும் வரவில்லை. அதிலிருந்து நான் தலையைக் கடைசியில்தான் வரைவேன்." பிறகு லென்ஸை எடுத்துக் கல்யாணப் போட்டோவின் மேல் குனிந்தார். "இந்தக் கை வேலை செய்கிற கை. நகத்தைப் பார்."

பார்த்தேன். பட்டு வேட்டியின் மேல் இருந்த விரல்களில் நகம் எல்லாம் கறுப்பு. லாரி எண்ணெய்.

கலை டியூட்டி முடிந்து அப்படியே வந்தாள். நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். வந்தவள் யூனிஃபார்மோடு மேஜை முன்னால் நின்றாள். இரண்டு போட்டோவும் பக்கம் பக்கமாக இருந்தன. நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை என்னைப் பார்க்கவே இல்லை.

"இது அம்மாவா?" என்றாள் முதலில். பிறகு அந்த நெற்றிக்கு மேல் விரலை வைத்தாள். "சுருட்டை. எனக்கு எங்கேருந்து இந்த முடின்னு கேட்டா அம்மா பேச்சை மாத்திடுவாங்க. அந்தத் தொப்பிக்குள்ள என்ன இருக்குன்னு நான் பார்த்ததே இல்ல மாமா."

"அப்பா மேஜர் இல்லம்மா" என்றேன்.

"ஹவில்தார். காலேஜ் சேரும்போதே தெரியும். ராணுவத்தார் பிள்ளைங்க கோட்டாவுல அப்ளை பண்ணப்போ சர்டிபிகேட்ல இருந்துச்சு. நான் யார்கிட்டயும் கேட்கல."

"ஏன்மா கேட்கல?"

"கேட்டு, அந்த போட்டோ பொய்னு ஆயிட்டா எனக்கு அப்பா முகமே இல்லையே." அதுவரை அடக்கிவைத்திருந்த கோபம் அப்போதுதான் வந்தது. "இது முப்பத்திரண்டு வருஷம் எங்க வீட்டுச் சுவத்துலேயே இருந்திருக்கு. நான் அதுக்குக் கீழ உட்கார்ந்துதான் படிச்சேன். நீங்க வாரா வாரம் வருவீங்க. பார்த்துட்டு, காப்பி குடிச்சிட்டுப் போவீங்க. எப்படி மாமா?"

பயம்தான் என்று சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லியாங்கிடம் திரும்பினாள். அவளுடைய இங்கிலீஷ் சுத்தமாக இருந்தது. "ஆபீசர் வேண்டாம். இந்த உடம்புக்கு அதன் முகத்தைக் கொடுத்துவிடுங்கள். அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும்."

கலை காரை நேராக வீட்டுக்கு விட்டாள். வழியில் பழப்பெட்டி வந்தது, நிறுத்தவில்லை.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கலையின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, வேலைக்குப் போகும்போது என்னை லியாங் வீட்டில் இறக்கிவிட்டார். புதுத் துணியில் வேலை நடந்தது. மீசையை மெலிதாக்கு என்பேன், குறைப்பார். காது கொஞ்சம் துருத்தும் என்பேன், இழுப்பார். சிரித்தால் உதடு எந்தப் பக்கம் கோணும் என்று கேட்டார். கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, நான் வேலியில் போய் விழுந்ததும் இடுப்பில் கைவைத்துச் சிரித்த சிரிப்பு வந்தது. "இடது பக்கம்" என்றேன். ஒரே ஒரு கோடு போட்டார். ஏகாம்பரம் வந்துவிட்டார். முகமில்லாத ஆபீசர் சுவரோரம் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்கக் கண் இல்லாவிட்டாலும்.

ஞாயிற்றுக்கிழமை பால் பொங்கியது. அடுப்பு எலெக்ட்ரிக், பொங்கினதும் மேலே புகை எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்து, மாப்பிள்ளை துண்டை எடுத்து அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக என்னிடம் சாப்பிடுங்க, தூங்குங்க என்பதைத் தவிர வேறு எதுவும் பேசாத கலை, அக்காவுக்கு வீடியோ கால் போட்டு, ஹால் சுவரைக் காட்டினாள். பெயிண்ட் இன்னும் காயவில்லை, யாரும் கிட்டே போகக் கூடாது.

அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"கையக் காட்டு" என்றாள். "அவரு கையக் காட்டுடி."

கலை போனைக் கிட்டே கொண்டுபோனாள்.

"கரி. நகத்துல கரி கீது பாரு. தாலி கட்டுற அன்னிக்கும் கழுவாம வந்து நின்னாரு இந்த மனுசன். எங்க அத்தை கூட திட்டுச்சு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. கலையும் அழுதாள். அப்புறம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சேகரு எங்க?" என்றாள்.

போன் முன்னால் போய் நின்றேன். இருபத்திரண்டு வயசுப் பையனாகத்தான் நின்றேன்.

"இன்னாடா, ஸ்டூடியோல தொலைஞ்சுபூட்சுன்னு சொன்ன?"

"வெட்டிட்டாங்கக்கா. உங்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சு. அந்த மிலிட்டரி போட்டோவுக்குப் பின்னாடியே வெச்சு ஆணி அடிச்சிட்டேன்."

அக்கா என்னையே பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அந்த மனுசனுக்கு அவ்ளோ அகலத் தோளு ஏதுடா? மொத நாளே தெரியும் எனக்கு, அது எவனோ உடம்புன்னு. மூஞ்சி அவருதாச்சேன்னு வெளக்கு வெச்சுனு கெடந்தேன்." மூச்சு வாங்கினாள். "நீ வரும்போது அந்தக் கல்யாணப் போட்டோவ முன்னாடி போட்டு எடுத்துனு வா. அந்த ஆபீசர பின்னாடி வெய்யி."

"அதுல முகம் இல்லியேக்கா."

"மூஞ்சி எனக்குத் தெரியும்டா. முப்பத்திரண்டு வருசமா அந்தக் கல்யாணப் போட்டோல நாங்க ரெண்டு பேரும் சுவத்தப் பார்த்துனு நின்னுட்டோம். இனிமே அவன் நிக்கட்டும்."

கலை உள்ளே போய் ஒரு சுத்தியலும் நான்கு புது ஆணியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "நீங்களே அடிங்க மாமா" என்றாள்.